முட்டுக்கட்டை

முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் நல்ல அர்த்தத்தில் பிரயோகிப்பதே இல்லை. ஒருவன் எடுத்த காரியத்துக்கு இன்னொருவன் குறுக்கே வந்தால் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பிறந்து, வருஷந்தோறும் விருப்பன் திருநாளில் நம்பெருமாள் எழுந்தருளிய தேர் எங்கள் வாசலைக் கடந்து போவதைத் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்முன் வருவது ஒரு மனிதருடைய முதுகு. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்க, மலைபோல் அசைந்து வரும் தேரின் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்தபடியே நடந்து, வேகம் மிஞ்சுகிறது என்று தோன்றிய கணத்தில் கையிலுள்ள கட்டையைச் சக்கரத்தடியில் செருகிவிட்டுக் கையை உருவிக்கொள்ளும் அந்த மனிதர், வடத்தையும் பார்ப்பதில்லை, கோபுரத்தையும் பார்ப்பதில்லை. சக்கரம் தரையைத் தொடுகிற அந்த ஒரு விரற்கடை இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “இழுக்க ஊரே இருக்கு; நிறுத்தத் தெரிஞ்சவா நாலு பேர்தான். அவாளைச் சேவிச்சுக்கோ” என்று என் தகப்பனார் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பல ஊர்த் தேர்களுக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையில் செய்த இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் பூட்டியிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே உண்டு. ஆனாலும் கட்டை போடுகிறவர்களின் வேலை போய்விடவில்லை. நேர்வீதியில் தேரை நிதானப்படுத்துவதும், மூலைக்கு வந்ததும் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மறுபக்கத்தை மட்டும் உருளவிட்டுத் தேரின் முகத்தைத் திருப்புவதும் இன்றைக்கும் அந்தக் கைகளின் சாமர்த்தியந்தான்.

தேரில் தொடங்கியதற்குக் காரணம், எங்கள் வீதியில் போட்டிருக்கும் வேகத்தடையைப் பற்றி நான் சில வருஷங்களாக நினைத்து வந்திருப்பதெல்லாம் அந்தக் கட்டையில் வந்து நிற்பதுதான். தார்ச்சாலையின் குறுக்கே ஓர் அடி ஏறி ஓர் அடி இறங்குகிற சிறு மேடு. அதைத் தாண்டும்போது யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. ஆட்டோக்காரர் முணுமுணுக்கிறார், பின்சீட்டிலிருக்கும் பெண்மணி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார், கையிலிருக்கும் காப்பிப் பாத்திரம் தளும்புகிறது. இவ்வளவு ஏச்சை வாங்கிக்கொண்டு அது யாருக்காகக் கிடக்கிறது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குச் சொல்லத் தோன்றும்.

எங்கள் ஊரின் வீதிகளைக் கட்டியவர்கள் வேகத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஆயினும் அவர்கள் போட்ட அமைப்பிலேயே நிதானம் தானாக அமைந்திருந்தது. 156 ஏக்கர் பரப்பில் ஏழு பிராகாரங்கள். அவற்றில் வெளிப்பிராகாரங்களான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் ஆகியவை ஜனங்கள் குடியிருக்கும் வீதிகள். ஒவ்வொரு வீதியும் சதுரமாகச் சுற்றி வருவதால் நான்கு மூலைகளிலும் எந்த வண்டியும் செங்கோணமாகத் திரும்பித்தான் ஆக வேண்டும்; ஒரு வீதியிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கோபுர வாசல்களுக்குள் நுழைந்து, எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு, பிறகே நகர வேண்டும். 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகமான ராஜகோபுரம் 236 அடி உயரம் என்று ஊருக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். அதன் அடியில், அந்தக் கருங்கல் நிலைகளுக்கிடையே, எத்தனை பெரிய வாகனமும் மூச்சடக்கிக்கொண்டு நுழைவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் ஓடிய காலத்தில் இந்த மூலைகளும் வாசல்களுமே போதுமாக இருந்தன. தை மாதம் உத்திர வீதியையும் சித்திரை மாதம் எங்கள் வீதியையும் சுற்றி வரும் தேரோ, வீதியில் ஓடுகிற வாகனங்களிலெல்லாம் பெரியதாகவும் மெதுவானதாகவும் இருந்தது.

மூலைக்கும் மூலைக்கும் இடையே வீதி அரை கிலோமீட்டருக்கு மேல் நேராக ஓடுகிறது. தேர் ஓடுவதற்காக அகலமாகவும் நேராகவும் விடப்பட்ட அந்த வெளி, இன்ஜின் வைத்த வாகனம் வந்ததும் வேறொன்றுக்கு அழைப்பாகிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் வேன்கள், நடை சாத்துவதற்குள் தரிசனம் ஆக வேண்டுமென்று பறக்கும் கார்கள், உணவுப் பொட்டலத்தை முதுகில் மாட்டிக்கொண்டு நிமிஷத்தை எண்ணி ஓடும் பிள்ளைகள், பள்ளிக்கூட வேன்கள், கொள்ளிடக் கரைக்கு அந்தப்பக்கமிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் சிறு லாரிகள் எல்லாம் இந்த நேர்கோட்டில் கைப்பிடியை முறுக்குகின்றன. யாரையும் குறைசொல்லி இதை எழுதவில்லை. அவரவர்க்கு அவரவர் அவசரம் நியாயமானது. ஆனால் வீதிக்கு ஒரு நியாயம் உண்டு. அது வாசலிலிருந்து தொடங்குகிறது.

வாசல் என்று நாம் சொல்வது கதவு நிலையை மட்டுமல்ல. வாசல் தெளிக்கிறோம், வாசலில் கோலம் போடுகிறோம், வாசலில் நின்று பேசுகிறோம் என்னும்போதெல்லாம் வீதியின் ஒரு பகுதியைத்தான் வீட்டோடு சேர்த்துச் சொல்கிறோம். மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீதியில் நடந்தால், இரண்டு பக்கத்துக் கோலங்களும் வீதியின் நடுவில் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நீண்டு வருவதைப் பார்க்கலாம். குனிந்து புள்ளி வைக்கும் பெண்களின் முதுகுதான் அந்நேரத்து வீதி. அப்படிப் போட்ட கோலத்தின் குறுக்கே ஒரு டயர்த் தடம் ஓடியிருப்பதை ஒரு நாள் விடிந்ததும் பார்த்தேன். இழைகள் சிதறாமல், சவரக் கத்தியால் கீறியதுபோல் நேராக ஓடியிருந்தது அந்தத் தடம். அந்த நேர்கோடுதான் என்னைக் கலங்கச் செய்தது. வண்டி கொஞ்சமும் தயங்கியிருக்கவில்லை. கோலம் போட்டவள் நல்லவேளையாக உள்ளே போய்விட்டிருந்தாள்.

டச்சுக்காரர்களின் தேசத்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில், குடியிருப்புத் தெருவை வீட்டு முற்றத்தின் தொடர்ச்சியாகவே பாவித்து, வாகனம் அங்கே விருந்தாளிபோல் நடந்துகொள்ள வேண்டுமென்று வகுத்தார்கள். 1976-இல் அந்த நாட்டுச் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் அதற்கு வைத்த பெயருக்கு ‘வாழும் முற்றம்’ என்று அர்த்தம் சொல்லலாம். அதே 1976-இல்தான் திருச்சிராப்பள்ளியையும் எங்கள் ஸ்ரீரங்கம் தீவையும் இணைக்கும் காவிரிப் பாலம் வந்தது. பாலத்தால் எங்களுக்கு வந்த சௌகரியங்கள் ஏராளம். ஆபத்துக்கு டாக்டரிடம் ஓடவும், பிள்ளைகள் அக்கரையிலுள்ள கல்லூரிகளுக்குப் போகவும் அந்தப் பாலம் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்? ஆனால் பாலத்தின் மேல் பழகிய வேகத்தை மாம்பழச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு வீதிக்குள் நுழைய வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது கார் ஓட்டுகிறவருக்கு ஒரு வேகமாகவே தோன்றாது. அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே குழந்தை வருவதைக் கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தேடுவதற்குள் ஒரு விநாடி கழிந்துவிடும். எங்கள் வீதியில் ஒரு வீட்டின் முகப்பு ஐந்தாறு மீட்டருக்கு மேல் இராது, ஆகையால் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே இரண்டு வீட்டு வாசல்கள் கடந்துபோயிருக்கும். வேகம் பாதியானால் மோதலின் வலு பாதியாவதில்லை, கால்பங்காகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். 25 கிலோமீட்டருக்கும் 50 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம், விழுந்தவர் எழுந்து புழுதியைத் தட்டிக்கொள்வதற்கும் எழாமலே போவதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கக்கூடும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் பல தேசத்து மந்திரிகள் கூடி, நடப்பவரும் வாகனமும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டுமென்று பிரகடனம் செய்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எங்கள் வீதியின் வேகத்தடை எப்படி வந்தது என்பதை அறிந்தவர்கள் அதை அலட்சியமாகத் தாண்ட மாட்டார்கள். பல வருஷங்களுக்கு முன் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த ஒரு பையனை ஒரு வேன் தட்டிவிட்டது, பையன் பிழைக்கவில்லை. ஜனங்கள் வீதியில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்; மறுநாள் இரவு மேடு வந்தது. நம் நாட்டில் பெரும்பாலான வேகத்தடைகளின் ஜாதகம் இதுதான். பழந்தமிழர் வீழ்ந்தவனுக்கு வீழ்ந்த இடத்திலேயே கல் நட்டார்கள். அந்த நடுகல்லில் அவனுடைய உருவமும் பெயரும் இருந்தன. நாம் தாரினால் ஒரு மேடு போடுகிறோம். அதில் பெயர் இல்லை. அந்தப் பையனின் தாயார் நெடுநாள் வரையில் அந்த இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

தேருக்கு முன்பு வீதியைச் சமன் செய்வது வழக்கம். தாழத் தொங்கும் கம்பிகளை உயர்த்துவார்கள், பள்ளங்களை நிரப்புவார்கள், மேடுகளைச் செதுக்கி எடுப்பார்கள்; அத்தனை பெரிய பாரம் உருண்டு வருகிற வழியில் வேகத்தடை இருக்கலாகாது என்பது நியாயமே. தேர் நிலைக்கு வந்த பிறகு எடுத்ததைத் திரும்பப் போடுவதில்தான் சுணக்கம் ஏற்படும். இரண்டு வருஷங்களுக்கு முன் அப்படி ஆனது. தேர் முடிந்து முதல் வாரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் வாரம் இரவு நேரத்தில் வண்டிகளின் சத்தத்தில் ஒரு மாறுதலை நான் உணர்ந்தேன். முன்பெல்லாம் எங்கள் வாசலுக்கு வரும்போது தணிந்து, தயங்கி, மறுபடி எழும் அந்த ஒலி, இப்போது ஒரே ஸ்வரமாக இழுபட்டுக்கொண்டு போயிற்று. மூன்றாம் வாரம், எதிர்வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், சாயங்காலம் புஷ்பம் வாங்க வீதியைக் கடக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்தது.

தூக்கியவர்களில் நானும் ஒருவன். வலியில் கண் சொருகியிருந்தபோதும் பாட்டி முனகியதை நான் மறக்க மாட்டேன். “எப்பவும் அங்கே வந்தா மெதுவாத்தானேப்பா போவா? அதை நம்பித்தானே காலை வெச்சேன்” என்றார். தரையில் மேடு இல்லை. மேடு இருந்த இடத்தில் புதுத் தார் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. பாட்டியின் காலோ பழைய வழக்கத்திலேயே நடந்திருக்கிறது.

விபத்துக்கு ஐந்தாம் நாள் ஒரு வேகத்தடை வந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு வேறெங்கோ சாலை போட்டுவிட்டு வந்த ஆட்கள், மீந்த கலவையைக் கொட்டி, மண்வெட்டியால் இழுத்து, காலால் மிதித்து, அதன் மேல் தங்கள் லாரியையே இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால், ஒரு முழ அகலத்தில், முழங்காலுக்கு எட்டும் என்று சொல்லத்தக்க ஒரு வரப்பு. அதன் மேல் ஏறிய முதல் ஆட்டோ அடிவயிறு உரசி நின்றது. பால்காரர் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பாட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த வண்டி அந்த வரப்பின் மேல் எவ்வளவு மெதுவாக ஏறியும், உள்ளிருந்து அவர் கூவிய கூவல் எங்கள் திண்ணை வரையில் கேட்டது. ஆனால் அன்று மாலை கனத்த டயர்களுள்ள பெரிய கார் ஒன்று, வேகத்தைக் குறைக்காமலே வந்து, ‘டப்’ என்ற ஒரே சத்தத்துடன் அதைத் தாண்டிப் போயிற்று. அந்தச் சத்தம் என்னை யோசிக்க வைத்தது. நிதானமாகப் போகிற கிழவியைத் தண்டித்துவிட்டு, பறக்கிறவனைப் போகவிடும் தடை என்ன தடை?

இதற்கு விடை தேடியபோதுதான் இந்தச் சிறு மேட்டுக்குள் எவ்வளவு சாஸ்திரம் இருக்கிறது என்பது தெரிய வந்தது. எக்ஸ் கதிர்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, செயின்ட் லூயிஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் தலைவராக இருந்தபோது, மாணவர்கள் நடமாடும் பாதையில் கார்கள் வேகமாகப் போவதைக் கண்டு சகியாமல், 1953-இல் தாமே கணக்கிட்டு வேகத்தடை ஒன்றை வகுத்துக் கொடுத்தாராம். இந்தக் காம்ப்டனுக்கும் எங்கள் பக்கத்து ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1924-இல் டொரான்டோவில் நடந்த விஞ்ஞான சபையில் காம்ப்டனோடு விவாதித்தவர். காம்ப்டன் எக்ஸ் கதிரில் கண்டதைப் போன்ற ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இருக்க வேண்டுமென்று தேடி, 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி அதைக் கண்டவர். ஒளித்துகள் மோதித் தன் சக்தியில் கொஞ்சம் இழப்பதை ஆராய்ந்த காம்ப்டன், கார் தன் சக்தியில் கொஞ்சம் இழப்பதற்கும் வழி தேடினார் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்த செய்தி. அவருக்கு அது தகுதிக்குக் குறைந்த காரியமாகத் தோன்றவில்லை.

நான் தேடிய விடை இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டுச் சாலை ஆராய்ச்சி நிலையத்தில் வாட்ஸ் என்பவர் பலவித மேடுகளைப் போட்டு, அவற்றின் மேல் பலவித வாகனங்களைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, 1973-இல் தம் முடிவை வெளியிட்டார். குறுகிய மேட்டின் மேல் வேகமாகப் போகும் காரில், சக்கரம் மேலே எழும்பி ஸ்பிரிங் அமுங்கி, உடல் பாகம் எழுவதற்குள் மேடே முடிந்துவிடுகிறது. ஆகையால் குறுகிய மேட்டில் வேகம் கூடக் கூட உள்ளே இருப்பவருக்கு அதிர்ச்சி குறைகிறது. அந்த ‘டப்’ சத்தத்தின் பொருள் இதுதான். மேடு நீளமாக, காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைவிட நீளமாக, இருந்தால் வண்டி முழுவதும் அதன் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மெதுவாகப் போகிறவர் தொட்டிலில் ஆடுவதுபோல் ஏறி இறங்குவார், வேகமாகப் போகிறவர் தூக்கிப் போடப்படுவார். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் ஏறக்குறைய வாட்ஸ் கண்ட அளவுதான்: 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 17 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்திலிருந்து அரிந்தெடுத்த சிறு துண்டு. அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். மேட்டுக்கு 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை வேண்டும். மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடவும் வழி வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம்மூரில் ஒரு சங்கடம் இருக்கிறது. தண்ணீர் ஓடுவதற்கென்று இரண்டு ஓரங்களிலும் விடுகிற சந்தில் இருசக்கர வண்டிகள் நுழைந்து போகின்றன. அந்த ஓரந்தான் நடப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி. தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களிலும் உறையூரிலும் நான் நின்று பார்த்திருக்கிறேன். மேட்டுக்குப் பயந்து ஓரத்துக்கு வருகிற வண்டி, நடுவில் போயிருந்தால் செய்யாத தீங்கை ஓரத்தில் செய்கிறது. அந்தச் சந்தின் அகலத்தை ஒரு சாண் அளவுக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு கல்லை ஊன்றினால் தீர்ந்தது. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. போடுகிறவர் ஒரு நாழிகை அங்கே நின்று பார்த்தால் போதும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அளவுகளை எழுதிக்கொண்டு மனு எடுத்துப் போனோம். இளவயதுப் பொறியாளர் ஒருவர் மரியாதையாக உட்கார வைத்து, காகிதத்தை முழுவதும் படித்து, “அளவெல்லாம் சரிதாங்க ஐயா. ஆனா போடுற ஆளுங்ககிட்ட அச்சு கிடையாது. கண் மதிப்புலதான் இழுப்பாங்க. அச்சு ஒண்ணு இருந்தா நானே நின்னு போட்டுத் தர்றேன்” என்றார். அச்சு இருந்தால் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

அடையவளஞ்சானில் ஒரு தச்சர் இருக்கிறார். அவருடைய பாட்டனார் தேருக்குக் கட்டை செதுக்கியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வளைவு எப்படிங்க வரும்?” என்றார். 17 மீட்டர் ஆரம் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். அன்று இரவு, வண்டிகள் ஓய்ந்த பிறகு, ஒரு சணல் கயிற்றை 17 மீட்டருக்கு அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கயிற்றின் ஒரு முனையை ஓர் ஆணியில் கட்டி, அந்த ஆணியை நான் வீதியோரத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் மறுமுனையில் தச்சுப் பென்சிலைக் கட்டி, மூன்று வீட்டு வாசல்களுக்கு அப்பால் தரையில் போட்டிருந்த பலகைகளின் மேல் மெல்ல இழுத்தார். தெருவிளக்கின் வெளிச்சத்தில் கயிறு விறைத்து நின்றது; ஆணி என் விரல்களில் துடித்தது. போய்ப் பார்த்தபோது, பலகையின் மேல் கிட்டத்தட்ட நேர்கோடு என்றே சொல்லும்படியான ஒரு வளைவு கிடந்தது. “இவ்வளவுதானா?” என்று தச்சர் ஆச்சரியப்பட்டார். நானுந்தான் ஆச்சரியப்பட்டேன். மனிதனை நிதானப்படுத்த அவ்வளவு மெல்லிய வளைவு போதும் என்று, அந்த வரப்பைப் பார்த்துப் பழகிய எங்கள் இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

அச்சு தயாராகி எங்கள் ரேழியில் பல மாதம் சார்த்தியிருந்தது. இதற்கிடையில் அந்த வரப்பே இருந்தது. அதன் மேல் அடித்திருந்த வெள்ளைப் பட்டை ஒரு மழைக்காலத்தில் அழிந்துபோக, இருட்டில் அதைக் காணாமல் ஏறி விழுந்தவர்களை நாங்கள் தூக்கிவிட்டோம். பாட்டியின் பேத்தி, கல்லூரியில் படிக்கிற பெண், ஒரு நாள் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, வரப்பின் மேல் வெறும் பட்டை போட மனமில்லாமலோ என்னவோ, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் சிக்குக் கோலம் ஒன்றை இழைத்துவிட்டாள். அப்புறம் அழிய அழியப் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். இரவில் தூரத்தில் வரும் வண்டியின் வெளிச்சம் அந்த இழைகளின் மேல் விழுந்ததும் வெளிச்சம் தணிவதை நாங்கள் திண்ணையிலிருந்து பார்ப்போம். கோலத்தை மிதிக்கக் கூடாதென்று ஒதுங்கப் பார்த்து, ஒதுங்க இடமில்லாமல் நிறுத்தியே விட்டார் ஓர் ஆட்டோக்காரர்.

இந்த வருஷம் சித்திரைத் தேருக்கு முன்பு வழக்கம்போல் வரப்பைச் செதுக்கி எடுத்தார்கள். தேர் வந்தது. சுற்றுக் கிராமத்து ஜனங்கள் வீதி நிறைய நின்றார்கள். வடம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு குனிந்த முதுகோடு கட்டைக்காரர்கள் வந்தார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி திண்ணையிலிருந்து சேவித்தார். தேர் அசைந்து வந்து, எதிரே சற்று நின்று, கட்டை எடுத்ததும் நகர்ந்து போயிற்று.

தேர் நிலைக்கு வந்த நாலாம் நாள் இரவு அந்தப் பொறியாளர் சொன்னபடியே வந்தார். லாரியில் சுடச்சுடக் கலவை வந்தது. மேஸ்திரி முதலில் எங்கள் அச்சைத் தூக்கிப் பார்த்து, அடிப்பக்கத்து வளைவைத் தடவி, “இவ்ளோ தட்டையாவா?” என்று சந்தேகமாகக் கேட்டார். பொறியாளர் தலையை அசைத்தார். கலவையைக் கொட்டி மண்வெட்டியால் பரப்பினார்கள், ஆவி எழுந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய அந்த வாசனை வீதி முழுவதும் பரவிற்று. பேத்தி பாட்டியின் நாற்காலியைத் திண்ணை விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள். அச்சின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார். அவருடைய ஆள் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபடியால் மறுமுனைக்கு ஆளில்லை.

“ஐயா, ஒரு கை குடுங்க. நான் இழுக்கிற இழுப்புக்கே வாங்க, முந்தாதீங்க” என்றார்.

நான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பலகையின் மறுமுனையைப் பிடித்தேன்.